அகழெலியும் ‘சேதம்’ என்ற சொல்லும்

இங்கிலாந்தில் தன் வீட்டுப் புல்தரையில் காலையில் மண்மேடு எழுந்திருக்கக் காணும் ஒருவர், பொறி வைத்து அதை எழுப்பிய விலங்கைக் கொல்லலாம். எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வடகடலுக்கு அப்பால் ஜெர்மனியில் அதே மேட்டைக் காண்பவருக்கு அந்த உரிமை கிடையாது. அங்கே அது சட்டத்தின் சிறப்புப் பாதுகாப்பில் உள்ள உயிரினம். அனுமதியின்றிப் பிடித்தாலோ கொன்றாலோ அபராதம் உண்டு. 2020ஆம் ஆண்டுக்கான விலங்காக ஜெர்மன் காட்டுயிர் அறக்கட்டளை அதையே தேர்ந்தெடுத்தது. இரு நாடுகளிலும் விலங்கு ஒன்றே: ஆங்கிலத்தில் மோல் என்றும் தமிழ்ப் பாடநூல்களில் அகழெலி என்றும் வழங்கும் டால்பா யூரோபியா. அதன் நகமோ பசியோ கடலைக் கடந்ததும் மாறிவிடுவதில்லை. அது தோண்டும் மண்ணும் பெரிதும் ஒன்றுதான். மாறுவது, அதன் வேலையைக் குறிக்கப் பயன்படும் சொல்.

‘அகழெலி புல்தரையைச் சேதப்படுத்துகிறது’ என்ற வாக்கியம் தோட்டக்கலை நூல்களில் ஓர் அவதானிப்பைப் போலவே எழுதப்படுகிறது. ‘அகழெலி மண்ணை மேலே தள்ளுகிறது’ என்பதும் அதன் அருகிலேயே, அதே தொனியில் வரும். இரண்டாவது வாக்கியத்தைக் கண்ணால் கண்டு சரிபார்க்கலாம். முதலாவதைச் சரிபார்க்க வேண்டுமானால் அந்தப் புல்தரை யாருடையது, எதற்காக வளர்க்கப்படுகிறது, எப்படி இருக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்யப்பட்டுள்ளது என்பவற்றையெல்லாம் அறிய வேண்டும். தமிழில் ‘சேதம்’ நான்காம் வேற்றுமையை வேண்டி நிற்கும் சொல். ‘யாருக்கு, எதற்கு’ என்ற கேள்விக்கு விடை இல்லாமல் அது நிறைவடைவதில்லை. ‘அகழெலிச் சேதம்’ என்று தொகைச் சொல்லாக்கிவிட்டால் அந்த வேற்றுமை மறைந்துபோகிறது. அதனுடன் உடைமையாளரும் மறைந்துபோகிறார். மிஞ்சுவது குற்றவாளி மட்டுமே.

இவ்விலங்கைக் கவனிப்பது எளிதன்று. ஆயுளின் பெரும்பகுதியை அது நிலத்தடியிலேயே கழிக்கிறது. 1950களில் கில்லியன் காட்ஃப்ரி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் அகழெலிகளின் வாலில் கதிரியக்கப் பொருள் கொண்ட சிறு வளையத்தை மாட்டி, கெய்கர் கருவியுடன் தரைமேல் நடந்து, கீழே அவை செல்லும் தடத்தைக் கண்டறிந்தார். பீட்டர் குரோகிராஃப்டுடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1960இல் வெளிவந்தது. இரவு பகல் என்ற பாகுபாடு அகழெலிக்குப் பெரிதாக இல்லை என்பது அத்தகைய ஆய்வுகளால் தெளிவாயிற்று. ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயங்கும், அதே அளவு நேரம் கூட்டில் உறங்கும், மீண்டும் கிளம்பும். ஆலைத் தொழிலாளரின் ஷிப்டு முறையை ஒத்தது அதன் நாள்.

எடை சுமார் 100 கிராம். ஒரு நாளில் தன் எடையில் பாதி அளவுக்கு உண்ணும். உணவில் பெரும்பங்கு மண்புழு. வேரையோ கிழங்கையோ புல்லையோ அது தின்பதில்லை. வளை என்பது புழுவைத் துரத்தித் தோண்டிய பாதை என்ற எண்ணம் பரவலாக உள்ளது. உண்மையில் நிலையான வளை ஒரு பொறி. சுவர் வழியே வந்து வளைக்குள் விழும் மண்புழுக்களையும் பூச்சிப் புழுக்களையும் அகழெலி ரோந்து சுற்றி எடுத்துக்கொள்கிறது. மிகுதியாகக் கிடைக்கும் காலத்தில் புழுவின் தலைப்பகுதியைக் கடித்து, சாகாமலும் நகராமலும் ஆக்கி, சேமிப்பறையில் குவித்து வைக்கிறது. நூற்றுக்கணக்கான புழுக்கள் அடங்கிய சேமிப்பறைகளைத் தோண்டிப் பார்த்தவர்கள் பதிவு செய்துள்ளனர்.

வளை இவ்வாறு பயன்படுவதால், தோண்டுவது அதற்கு அன்றாடக் கடமையன்று. புதிய நிலத்துக்கு வரும்போதும், இடிந்த வளையைச் சீர்செய்யும்போதும், வறட்சியிலோ உறைபனியிலோ புழுக்கள் ஆழத்துக்கு இறங்கும்போதும்தான் மண் மேலே தள்ளப்படுகிறது. ஆகவே மேடுகளின் எண்ணிக்கைக்கும் விலங்கின் எண்ணிக்கைக்கும் தொடர்பில்லை. புல்தரையில் ஒரே இரவில் பத்து மேடு எழக் கண்டவர், கீழே ஒரு படையே இருப்பதாக அஞ்சுவார். பெரும்பாலும் அங்கே இருப்பது தனித்து வாழும் ஒற்றை அகழெலி. மேடே எழாத மேய்ச்சல் நிலத்தின் அடியில், பல தலைமுறை பயன்படுத்திய வளைகளில், பல அகழெலிகள் தத்தம் எல்லையில் அமைதியாக வாழ்ந்துகொண்டிருக்கலாம். கண்ணுக்குத் தெரியும் மண் விலங்கின் இருப்பைக் காட்டிலும் அதன் குடியேற்றத்தையே காட்டுகிறது. ஒன்றைக் கொன்றால், காலியான வளையை அண்டை நிலத்தது வந்து எடுத்துக்கொள்வதும் இதனால்தான். பொறி வைத்தவர் அடுத்த ஆண்டும் பொறி வைக்கிறார்.

அப்படியானால் சேதமடையும் பொருள் எது? ‘லான்’ என்ற ஆங்கிலச் சொல் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. காட்டின் நடுவே மரமற்றுத் திறந்து கிடக்கும் வெளியையே அது முதலில் குறித்தது. மான் மேயும் இடம், அகழெலி வாழும் இடம். பின்னர் அது செல்வர் மாளிகையின் முன்னுள்ள வெட்டிய புல்பரப்புக்குப் பெயராயிற்று. 1830இல் எட்வின் பட்டிங் புல்வெட்டும் எந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அரிவாளும் ஆட்டுமந்தையும் செய்துவந்த வேலையைக் காலப்போக்கில் நடுத்தரக் குடும்பம் ஒன்று ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் செய்துகொள்ள முடிந்தது. சமதளம், ஒரே உயரம், ஒரே நிறம் என்ற அளவுகோல் அந்த எந்திரத்துடன் வளர்ந்தது. மேடு சேதமாகத் தெரிவதற்கு முதலில் சமதளம் தேவைப்பட்டது. தமிழில் ‘புல்வெளி’, ‘புல்தரை’ என்று இரு சொற்கள் இருப்பது இங்கே பெரும் வசதி. புல்வெளியில் அகழெலி ஒரு குடி. புல்தரையில்தான் அது குற்றவாளி. மொழிபெயர்ப்பாளர்கள் இவ்விரண்டையும் மாற்றி மாற்றி எழுதுவதால் வாதத்தின் பாதி தொலைந்துவிடுகிறது.

இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. உரமிட்டு, நீர்பாய்ச்சி, பேணிக் காக்கும் புல்தரையின் அடியில் மண்புழு செழிக்கிறது. அகழெலி வருவது அதற்காகத்தான். 1881இல் சார்லஸ் டார்வின் மண்புழுக்களைப் பற்றி எழுதிய நூல், அவை அடிமண்ணை மேலே கொணர்ந்து நிலத்தையே உருவாக்குகின்றன என்று நிறுவியது. அன்று முதல் மண்புழு உழவனின் நண்பன். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கின்றனர். மண்ணை மேலே கொணரும் அதே செயலை அகழெலி செய்தால் அது பட்டியலின் மறுபக்கத்துக்குப் போய்விடுகிறது. அளவு வேறு என்பது உண்மையே. ஆனால் புல்தரைக்காரர்கள் மண்புழுவையும் முழுதாக மன்னித்துவிடவில்லை. அதன் எச்சக்குவியல் பசுமையைக் கெடுக்கிறது என்று, மண்புழுவைக் கொல்லும் மருந்துகளும் ஒரு காலத்தில் புல்தரைகளுக்கென விற்கப்பட்டன.

உண்மையான இழப்பே இல்லை என்று சொல்வதும் பொய்யாகும். மாட்டுத் தீவனத்துக்காகப் புல்லை அறுத்துப் பதப்படுத்தும் பண்ணையில், அகழெலி மேட்டு மண் சைலேஜ் என்னும் ஊறுகாய்ப்புல்லில் கலந்தால் அதனுடன் லிஸ்டீரியா நுண்ணுயிரியும் கலக்கக்கூடும். ஆடுகளுக்கு அது கொடிய நோய் தரும். மேட்டிலுள்ள கல் அறுவை எந்திரத்தின் கத்தியை முறிக்கும். இளநாற்றின் வேரடி மண் குடைந்துபோனால் நாற்று வாடும். ஆற்றங்கரைகளின் வலிமையும் குறையலாம். குதிரையின் கால் இடறலாம்: 1702இல் இங்கிலாந்து மன்னர் மூன்றாம் வில்லியம், தம் குதிரை அகழெலி மேட்டில் இடறி விழுந்ததால் காறையெலும்பு முறிந்து, சில நாள்களில் உயிரிழந்தார். அவருடைய அரசியல் எதிரிகளான ஜேக்கபைட்டுகள் ‘கறுப்பு வெல்வெட் அணிந்த சிறு கனவானுக்கு’ மதுக்கோப்பை உயர்த்தினார்களாம். ஒரு கட்சிக்கு நேர்ந்த சேதம் மறுகட்சிக்குத் திருநாளாயிற்று.

பண்ணையாளரின் இழப்பைக் கணக்கிட முடியும்: இத்தனை ஆடு, இத்தனை கத்தி, இவ்வளவு பணம். வீட்டுப் புல்தரையின் சேதத்துக்கு அத்தகைய கணக்கு கிடையாது. அது பார்வை சார்ந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரே சொல் வழங்குவதால், முதலாவதன் நியாயத்தை இரண்டாவது இரவல் பெற்றுக்கொள்கிறது. இந்த இரவலுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1566இல் இங்கிலாந்தில் தானியப் பாதுகாப்புக்காக இயற்றப்பட்ட சட்டம், எந்தெந்த உயிர்களைக் கொன்றால் ஊர்ச்சபை பணம் தர வேண்டும் என்று பட்டியலிட்டது. தானியத்தின் ஒரு மணியைக்கூடத் தின்னாத அகழெலியும் அதில் இடம்பெற்றது. பிடித்தவற்றை வேலிக் கம்பியில் வரிசையாகத் தொங்கவிடும் வழக்கம் பிடிகாரர்களிடம் இருந்தது. கூலி பெறக் கணக்குக் காட்ட வேண்டுமல்லவா? அதே பிடிகாரர்கள்தான் ஆய்வாளர்களுக்கு வெகு முன்பே வளையின் அமைப்பையும் வேளையையும் அறிந்திருந்தனர் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தமிழகத்து இருளர்கள் வளைவாயிலின் மண்ணைப் பார்த்து உள்ளே எலி இருக்கிறதா இல்லையா என்று சொல்வதும், எலி சேர்த்துவைத்த நெல்லைத் தோண்டி எடுப்பதும் அவ்வகை அறிவே. கொல்பவரின் அவதானிப்பு பல வேளைகளில் எழுதுபவரின் அவதானிப்பைவிடக் கூர்மையானது. அவருக்குச் ‘சேதம்’ என்ற சொல்லால் பயனில்லை; வளை எத்திசையில் போகிறது என்பதே அவருக்கு வேண்டும்.

பொறிக்கு மாற்றாக வந்தது நஞ்சு. மண்புழுவில் ஸ்ட்ரிக்னின் தடவி வளையில் இடும் முறை பிரிட்டனில் 2006 வரை அனுமதிக்கப்பட்டிருந்தது. வலிப்பு வலிப்பாக வந்து மூச்சடைத்துக் கொல்லும் நஞ்சு அது. தமிழர் நன்கறிந்த எட்டிக்கொட்டையில் இருப்பதும் அதே நஞ்சுதான்.

அகழெலி மேட்டை நன்றியுடன் நோக்கும் இடமும் பிரிட்டனிலேயே உண்டு. வட இங்கிலாந்தில் எபியாக்கம் என்ற ரோமானியக் கோட்டையின் எச்சம் புல்லுக்கடியில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் ஆகையால் மனிதர் நினைத்தபடி அங்கே தோண்ட முடியாது, அகழெலி தோண்டலாம். அது தள்ளும் மண்ணைத் தன்னார்வலர்கள் முறைப்படி சலித்து, மட்கலத் துண்டுகளையும் மணிகளையும் எடுத்துள்ளனர். எந்த மேட்டில் என்ன கிடைத்தது என்று குறித்து, கீழே எந்தக் கட்டடம் இருந்திருக்கும் என்று ஊகிக்கின்றனர். அதே மேடு, இங்கே அது தரவு. தொல்லியலாளர் சிலர், அடுக்குகளைக் கலைத்துவிடுகிறது என்று அதே விலங்கைக் குறைகூறுவதும் உண்டு. ஆக ஒரே துறைக்குள்ளேயே அந்தச் சொல் ஒரு நிலையில் நிற்பதில்லை.

இனிப் பெயர். பழைய ஆங்கிலத்தில் இதற்கு ‘மோல்ட்வார்ப்’ என்ற பெயர் வழங்கியது. மண்ணை எறிவது என்பது பொருள். டேனிய மொழியின் ‘முல்ட்வார்ப்’ இன்றும் அப்படியே. ஜெர்மானியரின் ‘மவுல்வுர்ஃப்’ என்பதும் அதே மூலத்தது. மண்ணைக் குறித்த முன்பாதி வழக்கொழிந்ததும், மக்கள் அதை ‘வாய்’ என்ற சொல்லாகக் கொண்டு, வாயால் எறிவது என்று பொருள் கற்பித்துக்கொண்டனர். உண்மையில் எறிவது கை. கட்டைவிரலுக்குப் பக்கத்தில் கூடுதலாக ஒரு விரல்போல் நீண்ட எலும்பும் கொண்ட, மண்வெட்டி போன்ற கை. தமிழின் ‘அகழெலி’யும் தொழிலால் இட்ட பெயரே, முன்பாதி குறையற்றது. பின்பாதிதான் இடறுகிறது. அகழெலி எலியன்று. கொறிக்கும் பல் அதற்கில்லை. அதன் உறவினர் மூஞ்சூறும் முள்ளெலியும். அவற்றில் முள்ளெலிக்கும் இதே தவறான தலைச்சொல். ஜெர்மானியர் வௌவாலைப் ‘பறக்கும் சுண்டெலி’ என்கின்றனர். அதனால் எவரும் வௌவாலுக்கு எலிப்பொறி வைப்பதில்லை, வௌவாலைத்தான் அவர்கள் அன்றாடம் காண்கிறார்களே. பொருளை அறிந்தவரிடம் பெயர் பொய் சொன்னாலும் கேடில்லை. தென்னிந்தியத் தமிழருக்கு அகழெலி காணாத விலங்கு. இந்தியாவில் உண்மையான அகழெலிகள் கிழக்கு இமயத்திலும் வடகிழக்கு மலைகளிலும் மட்டுமே உள்ளன. தீபகற்பத்தில் ஒன்றும் கிடையாது. காணாதவரிடம் பெயர் ஒன்றே சாட்சி; அது எலி என்று சொன்னால் எலிதான்.

குழப்பத்தின் விலை இங்கேதான் தெரிகிறது. தில்லியிலோ ஹரியானாவிலோ ஒரு பல்கலைக்கழகப் புல்தரையில் மண்மேடு எழுந்தால், அதைத் தோண்டியது குட்டைவால் கொண்ட நெசோக்கியா இண்டிகா என்ற பெருச்சாளி இனமாக இருக்க வாய்ப்பு மிகுதி. அது மண்புழுவைத் தேடுவதில்லை. புல்லின் வேரையும் தண்டையும் தின்பது. தெற்கே வந்தால் வளையில் தானியம் சேர்க்கும் பெருச்சாளி. ஆங்கிலேய இயற்கையியலாளர் இவற்றுக்கு ‘மோல்-ராட்’ என்று பெயரிட்டனர். ஊர் நினைவில் இருந்த விலங்கின் பெயரைக் கண்முன் இருந்த விலங்குக்கு ஒட்டினர். அந்தப் பெயர் வழியே அகழெலிக்கான ஆங்கில அறிவுரைகள் பெருச்சாளிக்கும், பெருச்சாளிக்கான நஞ்சு அகழெலிக்கும் மாறிப் போகின்றன. தானியத்தில் கலந்த நஞ்சைப் புழுவுண்ணி தொடாது. பெருச்சாளியை விரட்டப் புழுவைக் குறைத்துப் பயனில்லை. இடையில் அகப்பட்டுக்கொள்வது மூஞ்சூறு. வீட்டில் கரப்பானைத் தின்று வாழும் அச்சிற்றுயிர், எலி என்று எண்ணி அடித்துக் கொல்லப்படுகிறது. பிள்ளையாரின் மூஷிகத்தைச் சிலர் மூஞ்சூறு என்றும் சிலர் பெருச்சாளி என்றும் சொல்லும் நாட்டில், கோயில் வாயிலுக்கு வெளியே அதற்குச் சலுகை ஏதும் இல்லை.

புரோமடையோலோன் போன்ற நஞ்சு உடனே கொல்வதில்லை. தின்ற பெருச்சாளி சில நாள்கள் தளர்ந்து திரியும். தளர்ந்ததைக் கூகை எளிதில் பிடிக்கும். பெருச்சாளியைப் பிடிக்கும் சம்பளமில்லாத வேலையாளை அந்த நஞ்சு தேடிப் போய்க் கொல்கிறது. புல்தரைச் சேதம் என்று கோப்பில் எழுதுபவர் இந்த இழப்பை எந்தத் தலைப்பின்கீழும் எழுதுவதில்லை.

புதிய கலைச்சொல் ஆக்கினால் இது தீர்ந்துவிடும் என்று வாதிடுவோர் உளர். தேவையில்லை. அகழெலி நல்ல சொல். அதன் பொருளை மட்டும் காக்க வேண்டும். டால்பா குடும்பத்துக்கு மட்டும் அதை வழங்கி, பெருச்சாளியைப் பெருச்சாளி என்றே எழுதினால் போதும். தமிழில் அது ஊழல்காரரையும் குறிப்பது பெரிய தடையன்று. ஆங்கிலத்தில் மோல் என்பது உளவாளியையும் குறிக்கிறது. நிலத்தடியில் வாழ்பவை எல்லா மொழியிலும் ஐயத்துக்குரியவையே. பாடநூலில் அகழெலி வரும் முதல் இடத்தில், இது எலியன்று, புழுவுண்ணி, இந்தியாவில் வடகிழக்கிலும் கிழக்கு இமயத்திலும் உள்ளது என்ற ஒரு வரி சேர்ந்தால் மொழிபெயர்ப்பின் பாதிப் பிழை குறையும்.

பெருச்சாளியின் பெயர் வேறொரு வழியிலும் பயணம் செய்திருக்கிறது. தெலுங்கின் ‘பந்திகொக்கு’, பன்றியெலி என்ற பொருளுடையது, ஆங்கிலத்தில் ‘பாண்டிகூட்’ ஆகி, ஆங்கிலேயருடன் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. அங்கே எலிக்குத் தொடர்பே இல்லாத, பையில் குட்டி வளர்க்கும் வேறொரு விலங்குக்கு அப்பெயர் வாய்த்தது. பெர்த் நகரப் புறநகர்களில் இன்று அந்தப் பாண்டிகூட் இரவில் வீட்டுப் புல்தரைக்கு வந்து, மூக்கால் கூம்பு வடிவக் குழிகள் பறித்துப் பூச்சிகளையும் பூஞ்சைகளையும் தின்கிறது. ஒரு விலங்கு ஓராண்டில் ஏறத்தாழ 4 டன் மண்ணைப் புரட்டுவதாக அளந்துள்ளனர். அது சட்டத்தால் காக்கப்பட்ட உயிர். குழியைக் கண்ட வீட்டுக்காரர் அதை மூடிவிட்டு, நாயை இரவில் கட்டிவைக்க வேண்டும்.